நூற்று நாற்பதாம் வரி

அக். 18, செவ்வாய்

விடாத தூறல். காயப்போட்ட சேலை இன்னும் ஈரம்.

ஆயுத பூஜை முடிந்து இன்றுதான் ஆபீசில் கம்ப்யூட்டரைத் தொட்டோம். தேயிலைக் கொழுந்து எடைக் கணக்கு புரோகிராமை ஓட்டினால் பாதியில் நின்றுவிட்டது. ‘பூச்சியத்தால் வகுத்தல், வரி 140.’ 140 நான் எழுதியது. அதிகாரி சத்தம் போடவில்லை. அதுதான் பயம்.

“வியாழக்கிழமைக்குள்ள காரணம் சொல்லும்மா. உன் பைல் அன்னைக்குத்தான் மேல போகுது.”

என்னை நிரந்தரமாக்கும் பைல். நிரந்தரமானால்தான் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் சிலோனிலிருந்து வந்து மண்டபம் முகாமில் கிடக்கும் அம்மாவைக் கூட்டி வர முடியும்.

வாங்க: சோப்பு, டார்ச் பேட்டரி, அம்மாவுக்குக் கம்பளி.

அக். 19, புதன்

குன்னூர் பஸ்சில் ஒருத்தி: “சிலோன்காரங்களுக்கே வேலை குடுத்தா நாங்க எங்கீங்க போறது?” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

140 வெறும் கூட்டல். வகுத்தலே இல்லை. பிறகு எப்படி?

பக்கத்து மேஜை ருக்மணி அக்கா இட்லி கொடுத்தார். புரோகிராமில் முதல் பாதி நான், அடுத்த பாதி அவர். “ஏங்கண்ணு வாடிப் போயிருக்கறே? சாமி பாத்துக்கும், உடு.”

அக். 20, வியாழன், மதியம்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

எழுதிய புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றி கம்பைல் செய்யும்போது, எந்த இயந்திரக் கட்டளை எந்த வரியிலிருந்து வந்தது என்று ஓர் அட்டவணையும் உள்ளே சேர்ந்துகொள்கிறது. புரோகிராம் பாதியில் நின்றால் அதைப் பார்த்துத்தான் வரி எண் வருகிறது. அதற்குத் தெரிந்தது கம்பைல் ஆன அன்றைய எண் மட்டும். கம்பைல் ஆனது பூஜைக்கு முன்பு. இன்று பார்த்தால் புரோகிராமின் தலையில் புதிதாக மூன்று வரி. இயந்திரம் கண்டுகொள்ளாத, மனிதர் படிக்கிற குறிப்பு வரிகள். தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது:

பிள்ளையார் துணை.
பண்ணாரி அம்மன் துணை.
மகேஸ்வரிக்கு வேலை நிரந்தரமாகணும்.

கடைசி வரியில் என் பெயர். பூஜையன்று அக்கா போட்டது. போட்ட பின் யாரும் மறுபடி கம்பைல் செய்யவில்லை. ஆக, அன்றைய 140 இன்று 143. அது அக்காவின் கணக்கு: மொத்தக் கொழுந்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பது. சிலோன்காரர்களுக்கென்று திறந்த புதுத் தோட்ட டிவிஷனில் இன்னும் யாரும் வந்து சேரவில்லை. ஆள் பூச்சியம்.

அக்காவிடம் காட்டினேன்.

“எம்பட பைலும் இன்னைக்குத்தான் போகுது கண்ணு” என்றார்.

பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, “எம்பட தப்புன்னு நானே சொல்லிப்போடறேன்” என்று அதிகாரி அறைக்குள் போனார். கதவு சாத்தியிருக்கிறது. தடுக்கத்தான் நினைத்தேன். அம்மா ஞாபகம் வந்தது. உட்கார்ந்தே இருக்கிறேன்.