என் சாட்சியைத் திருத்துகிறேன், அக்கா

அக்கா,

போன மாதம் ஒரு நாள் முதல் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, பழக்கடை ஓரமாக நின்றிருந்த ஒருவர் என் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. அச்சு மையின் வாடை இன்னும் போகவில்லை. மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம், அனைவரும் வருக. மடித்துப் பையில் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கீழ்ப்பாதியில் என் மகள் கிருபாவின் படம் இருந்தது. பத்து வயது கிருபா, இரட்டைச் சடையோடு, மேடையில் என் பக்கத்தில் நிற்கிறாள். என் கையில் மைக். 'மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள், வலிப்பு ஓடிப்போனது' என்று அடியில் அச்சடித்திருந்தார்கள்.

இதை உன்னிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. கிருபாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறாள். காலையும் மாலையும் வலிப்பு மாத்திரை போடுகிறாள். படத்தில் நான் வாயைத் திறந்து பேசிக்கொண்டிருப்பது பொய். அதை இத்தனை வருஷம் பொய் என்று சொல்லாமல் இருந்ததும் நான்தான்.

நம்முடைய ஐந்து வீட்டு லைனில் நீ கடைசி வீடு, நாங்கள் நான்காவது வீடு. நீ ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினாய். நான் பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங். எனக்கு ஐந்தரைக்கு வேன் வந்துவிடும். கிருபாவை எழுப்பி, தலைவாரி, நாஷ்டா கொடுத்து ஸ்கூலுக்கு அனுப்பியதெல்லாம் நீதான். கணவரையும் இழந்து, பிள்ளையும் இல்லாமல், ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவள் நீ. என் மகள் உன்னைப் பெரியம்மா என்றாள்.

ஒன்பது வயதில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. ரயில் ஏறிச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், நீயும் கூட வந்தாய். ஒரு வேளைகூடத் தவறாமல் சில வருஷம் மாத்திரை போட வேண்டும், டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது என்றார்கள். முதல் சில மாதம் மாத்திரை போட்டும் இரண்டு தடவை வந்தது. அளவைக் கூட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் நாம் போய்க்கொண்டிருந்த ஜெபக்கூடத்தின் பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அவரை நம்ப எங்களுக்குக் காரணம் இருந்தது. கம்பி உருட்டும் மில்லில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் குடியை விட்டது அந்த ஜெபக்கூடத்தில்தான். அந்த ஒரு நன்மைக்காக பாஸ்டர் எதைச் சொன்னாலும் நாங்கள் தலையாட்டினோம். "மாத்திரை டப்பா ஊட்ல இருக்கிற வரைக்கும் உங்களுக்கு விசுவாசம் வராது சிஸ்டர்" என்றார். மறுநாள் காலை மாத்திரையையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் தெருமுனைக் குப்பையில் போட்டேன். பெருமையாகப் போட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நீ அதைப் பொறுக்கி எடுத்தாய். சீட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு, மாதம் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டு, பெரியம்மா என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்தாய். காலையில் தலைவாரும்போது ஒன்று, சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் ஒன்று. பதினோரு மாதம் அவளுக்கு வலிப்பே வரவில்லை. நான் மேடை ஏறிச் சாட்சி சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். பக்கத்தில் என் மகள் எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்றாள். "நீ அப்படி அழுதுகினு பேசினியே, அதான் சொல்லல" என்று பல வருஷம் கழித்துச் சொன்னாள். நீ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய். உனக்குப் பொறாமை என்று நினைத்தேன், அக்கா.

ஒரு நாள் கம்பெனியில் கரண்ட் இல்லாமல் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். உன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கிருபா உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அதில் மாத்திரை. அதன்மேல் உன் கையை மூடி, கண்ணையும் மூடி, "ஆண்டவரே, இத வேலை செய்ய வை" என்று சொன்னாய். பிறகு தண்ணீர் கொடுத்தாய்.

நான் பேசிய பேச்சு முழுவதையும் எழுத என்னால் முடியாது. பெற்றவள் நானா நீயா என்று கேட்டேன். பெறாதவளுக்கு என்ன தெரியும் என்றும் கேட்டேன். லைனில் எல்லா வீட்டிலும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். நீ என் மகளைப் பின்னால் நகர்த்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"திட்டு. இன்னா வேணா திட்டு. மாத்திரைய மட்டும் நிறுத்தாத."

நிறுத்தினேன். பாஸ்டரிடமும் போய்ச் சொன்னேன். அடுத்த ஞாயிறு பேர் சொல்லாமல் உன்னைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். உள்ளே வரக் கூடாது என்று உனக்கு ஆள் அனுப்பினார்கள். நீ வந்தாய். உள்ளே வராமல், செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்து ஆராதனை கேட்டாய். அப்போதும் எனக்கு வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில் கிருபா விழுந்தாள். சுற்றி நின்று தலையில் கை வைத்து அழுத்தினார்கள். பிசாசு போகிறது என்று யாரோ கத்தினார்கள். என் வீட்டுக்காரர் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கை தட்டிக்கொண்டிருந்தேன். வலிப்பு நிற்கவில்லை. அவள் உதடு நீலமாகத் தொடங்கியபோது வாசலிலிருந்து நீ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாய்.

"கைய எடுங்க எல்லாரும்" என்றாய். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயோரத்து நுரையை உன் முந்தானையால் துடைத்து, பிறகு தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடினாய். உள்ளூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, மாத்திரையை யார் நிறுத்தியது என்பது. நான் வாயைத் திறக்கும் முன்னால் நீ சொல்லிவிட்டாய்.

"நான்தான் சார். மறந்துட்டேன்."

வார்டே திரும்பிப் பார்க்கும்படி உன்னைத் திட்டினார். பிள்ளையைக் கொல்லப் பார்த்தாயே என்றார். நீ தலையை ஆட்டிக்கொண்டு நின்றாய். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். மூன்றாம் நாள்தான் கிருபாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. பரீட்சை முடிந்துவிட்டதா என்று கேட்டாள். அன்றைக்காவது உன் காலில் விழுந்திருக்க வேண்டும். டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனேன்.

அக்கா, எனக்கு உன்மேலும் கோபம் இருக்கிறது. இறந்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்பார்கள், எனக்கு அது முடியவில்லை. மாத்திரை மறுபடி ஆரம்பித்த பிறகும் மாதா மாதம் நீதான் சென்னைக்குப் போனாய். நான் போயிருக்கலாம். லீவு போட்டால், ஒரு நாளும் தவறாமல் வந்தால் தரும் வருகைப்படி போய்விடும் என்று உன்னிடம் மூக்கால் அழுதேன். உன் கேன்டீனில் மாதத்தில் இரண்டு நாள் வராவிட்டால் ஆளையே மாற்றிவிடுவார்கள் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது உன் முகம் கோணியது. ரவிக்கையில் ஈரம் தெரிந்தது. இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மார்பில் கட்டி. எவ்வளவு நாளாக என்று டாக்டரம்மா கேட்டார். போன தீபாவளிக்கும் முந்தின தீபாவளி என்றாய். வெளியே வந்து வராந்தாவில் நான் உன்னைத் திட்டினேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்தார்கள். நீ முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, "மாசம் ஒரு நாள்தான்டி லீவு. அது கிருபாவுக்குப் பூடுது" என்றாய்.

எத்தனை மாதம், அக்கா? ஒரு மாதம் என்னைப் போகச் சொல்லியிருந்தால் என்ன? என் மகளுக்காக விடியற்காலை ரயிலில் போய் வரிசையில் நிற்கத் தெரிந்தவளுக்கு, தனக்காக ஒரு நாள் நிற்க ஏன் தெரியவில்லை? உனக்கு ஒரு நாள் கூடுதலாக லீவு தராத அந்தக் கம்பெனியை நான் இன்றைக்கும் வேனில் கடந்துதான் போகிறேன். வாசலில் புதிதாகப் பூச்செடி வைத்திருக்கிறார்கள்.

நீ போனபோது உன் ஊர்க்காரர்கள் விவரம் தெரியாமல் அதே பாஸ்டரை அழைத்துவிட்டார்கள். குழிக்கு முன்னால் நின்று அவர் சொன்னார்: "இந்தச் சகோதரி மருந்தை நம்பினாங்க. மருந்து கைவிட்டிடுச்சு." என் கையில் மண் இருந்தது. போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் வாய் மூடினேன், கல்லறையிலும் மூடினேன். வீட்டுக்காரருக்காகத்தான் அந்த ஜெபக்கூடத்துக்குத் தொடர்ந்து போகிறேன், அங்கே போகாவிட்டால் அவர் மறுபடி குடிப்பார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு பாஸ்டரிடம் போனேன். படத்தை எடுக்கச் சொன்னேன். பழைய சாட்சிதானே, அதைப் பார்த்து நாலு பேர் விசுவாசத்துக்கு வரட்டுமே என்றார். அது பொய் என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "அன்னிக்கு மைக் புடிச்சது நீங்கதானே சிஸ்டர்" என்றார்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. வீட்டுக்கு வந்து கிருபாவிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "அப்ப நீயே போய் மாத்திச் சொல்லு. நானும் வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து போனேன். மைக்கைக் கொடுத்தார்கள். என் மகளுக்கு வலிப்பு இருக்கிறது, மாத்திரையால் அடங்கியிருக்கிறது என்றேன். நான் எறிந்ததை எடுத்துவைத்து அவளைக் காப்பாற்றியவளை இந்த வாசலில் செருப்புகளுக்கு நடுவே உட்கார வைத்தோம் என்றேன். உன் பேரைச் சொன்னேன். அந்த இடத்தில் மைக்கை அணைத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிய தொண்டை எனக்கு. மைக் இல்லாமலே சொன்னேன். மாத்திரை போடுகிற யாரும் நிறுத்தாதீர்கள், என்னைப் பார்த்து நிறுத்தியவர்கள் இங்கே இருந்தால் என்னை மன்னித்துவிட்டு நாளைக்கே டாக்டரிடம் போங்கள் என்றேன். கிருபா பக்கத்தில் நின்று, "எங்கம்மா சொல்றது நெஜம்" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்தோம். வீட்டுக்காரர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தார். தெருமுனை வரை எங்களோடு நடந்தார். பிறகு, "அன்னிக்கு நான் கொயந்த கால புடிச்சிகினு இருந்தேன்" என்றார். இதுவரை அவர் குடிக்கவில்லை. இனியும் குடிக்காமல் இருப்பாரா தெரியாது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு இனிமேல் நான் வாயை மூட மாட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியவில்லை. நோட்டீஸ் இன்னும் ஆட்டோக்களின் முதுகில் ஒட்டியிருக்கிறது. லைனில் இரண்டு வீட்டார் எங்களோடு பேசுவதில்லை. ஆண்டவரை நான் விடவில்லை, அவரும் என்னை விட்டதாகத் தெரியவில்லை. விடியற்காலை வேனில் கண்ணை மூடி அவரோடு சண்டை போடுகிறேன். உன்னை ஏன் இவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொண்டார் என்பதில்தான் எங்கள் பேச்சு வந்து முட்டி நிற்கிறது.

போன வியாழக்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டேன். வருகைப்படி போகட்டும் என்று போட்டேன். ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு மார்பைப் பரிசோதிக்கிற நாள் அது. விடிகாலையிலேயே போய் வரிசையில் நின்றேன். எனக்கு வலியும் இல்லை, கட்டியும் இல்லை. கவுன்டரில் இருந்த நர்ஸம்மா சீட்டு எழுதிக்கொண்டே, யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எனக்குத்தாம்மா" என்றேன்.

இதை நீ சொல்லியிருக்க வேண்டும், அக்கா.