சார்ஜ் நிற்காத என் போன்

அன்புள்ள அம்மா,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், தங்கள் சீமந்தப் புத்திரனின் போன் காலையில் நூறு, மதியம் பூஜ்யம். நான் நலம், சார்ஜரும் நலம். அப்பாவுக்கு நெஞ்சுவலி குறைந்ததா?

ஹோட்டலின் கீழ்த்தளச் சலவை அறையில் இப்போது நான்தான் போன் டாக்டர். இஸ்திரி போடும் அண்ணன்கூட, "டேய் வாலு, என் போனையும் கொஞ்சம் பாருடா" என்று கெஞ்சுகிறார். திரை வெளிச்சத்தைக் குறைத்து, சும்மா ஓடும் ஆப்களை மூடினால் வைத்தியம் முடிந்தது. ஃபீஸ் ஒரு டீ.

அன்றைக்கு நீ, "டாக்டர் என்ன சொன்னார்னா" என்று ஆரம்பித்தபோதுதான் என் போன் உயிரை விட்டது. சார்ஜ் போட்டுத் திரும்பக் கூப்பிட்டால், "ஒண்ணுமில்லடா, நீ சாப்டியா?" என்று மழுப்பிவிட்டாய். இனிமேல் அப்பா விஷயத்தை முதலில் சொல், என் சாப்பாட்டை அப்புறம் விசாரி. அவருடைய மருந்துச் சீட்டையும் படம் எடுத்து அனுப்பு.

சூப்பர்வைசர் கத்துகிறார், போகிறேன்.

பி.கு.: பெரிய டாக்டர் என்று பீற்றிக்கொண்டேனே, என் போனைத்தான் இன்னும் சரிசெய்யவில்லை. கீழ்த்தளத்தில் சிக்னல் அரைகுறை. போன் அதைத் தேடித் தேடியே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. வேலை நேரத்தில் ஃபிளைட் மோடில் போட்டால் போதும். அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டுவிடுவாயோ என்ற பயத்தில் போடவே இல்லை அம்மா.