சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்கள்

அண்ணி,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாவி மீட்டர் பெட்டிக்குள். நான் எங்கள் எச்.ஐ.வி. குழுவின் கூட்டத்துக்குப் போகிறேன்.

என் டம்ளர் மற்றதோடு கலந்துவிடக் கூடாதென்று அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்தீர்களே, அன்றிலிருந்து மூன்று மாதமாக எனக்குச் சரியான தூக்கமில்லை. போன வாரம் குழுவில் சொல்லி அழுதேன். அங்கே வரும் தையற்கார அக்கா, "அழுது என்ன ஆகப்போவுது? அந்தப் பாலிஷ் பாட்டில் எங்க இருக்குன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். இன்று காலை நீங்கள் குளித்து முடிப்பதற்குள் வீட்டிலிருக்கும் பதினெட்டு டம்ளருக்கும் பொட்டு வைத்துவிட்டேன். இனி எது என்னுடையதென்று எனக்கே தெரியாது.

டம்ளரால் ஒட்டாது என்று டாக்டர் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னார். நம்பினால் குடியுங்கள். நம்பாவிட்டால் உள்ளங்கையில் ஏந்திக் குடியுங்கள். அதற்குப் பொட்டு வைக்கப் பாலிஷ் மிச்சமில்லை.

ஐந்து மணிக்குக் குழுவிலிருந்து ஆறு பேர் டீ குடிக்க வருகிறார்கள். பால் வாங்கி வையுங்கள்.

மறந்துவிட்டேன்: நான் பொட்டு வைக்க ஆரம்பிக்கும்போதே அண்ணன் வந்துவிட்டார். என் டம்ளரைத் தேடி எடுத்து அதில் காபி ஊற்றினார். "அது என்னோடதுண்ணே" என்றேன். "தெரியும்மா. அவ குளிக்கப் போனதும் மூணு மாசமா இதுலதான் குடிக்கிறேன்" என்றார்.