தீயணைப்பு வண்டிக்குப் பத்துக்கு நான்கு

குற்றாலம்
10-6-2025

அன்புள்ள நயினாருக்கு,

நான் சுகம். நீரும் பார்வதியும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் மறுத்து எழுதும்.

சாரல் தொடங்கிவிட்டது. லாட்ஜில் எல்லா அறையிலும் ஆள். ஈரத் துண்டை ஜன்னலில் போடுகிறார்கள், அது காயவில்லை என்று என்னிடம் வந்து புகார் சொல்கிறார்கள்.

தென்காசிக்கு வரும் நம் இசக்கிமணி வசம் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். உள்ளே சிவப்புத் தீயணைப்பு வண்டி. முப்பத்தொரு படியாகத் திருப்பி மடக்கினால் ஒரு சாண் உயர ரோபோவாக எழுந்து நிற்குமாம். ஆறு மாதம் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். இன்னும் தொடவில்லை. ஆயுதப்படையில் ஆர்மரராக முப்பது வருஷம் துப்பாக்கியைப் பிரித்து மாட்டிய விரல் தென்காசியில் இருக்க, லாட்ஜ் சாவி எடுத்துக் கொடுக்கும் விரல் முந்தக்கூடாது.

நம் பொம்மைச் சேகரிப்போர் மன்றத்தின் பதினொரு உறுப்பினர்களும் உம் மதிப்பீட்டுக்குக் காத்திருக்கிறார்கள். கடிதமாகவே எழுதும். சக்கரம் ரப்பரா பிளாஸ்டிக்கா என்ற விவாதத்தில் மாடன் இன்னொருவர் தாயாரை இழுத்து, நாம் வாட்ஸ்அப் குழுவைக் கலைத்த பிறகு, கையால் எழுதியது மட்டுமே செல்லும் என்று தீர்மானம் போட்டோம். கோபத்தில் இருப்பவன் தபால் தலை வாங்க வரிசையில் நிற்கமாட்டான் என்று நீர்தான் சொன்னீர். அன்றிலிருந்து மன்றத்தில் அமைதி.

அன்புடன்,
கைலாசம்
(செயலாளர்)


தென்காசி
21-6-2025

அன்புள்ள கைலாசம்,

வண்டி வந்து சேர்ந்தது. வந்ததும் பார்வதி அதன் முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். பொம்மை என்று சொன்னேன். “வண்டின்னா வண்டிதான. பொட்டு வைக்காம வீட்டுக்குள்ள விடுவாங்களா?” என்றாள். சந்தனம் கதவிடுக்கில் இறங்கிக் காய்ந்துவிட்டது. பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து எடுக்க ஒரு நாள் போயிற்று. அதை மதிப்பீட்டில் சேர்க்கவில்லை.

பெட்டி ஒழுங்கு. பெயின்ட் சீர், விளிம்பில் எங்கும் வழியவில்லை. ஏணி நீள்கிறது, சுழல்கிறது. சக்கரம் ரப்பர், மாடனிடம் தெரிவிக்கவும். வண்டியாக இருக்கும்வரை பத்துக்கு ஒன்பது கொடுப்பேன்.

ரோபோவாக மாற்றுவதில்தான் வில்லங்கம். பதினான்காம் படியில் தோளில் ஒரு முளையைத் துளைக்குள் இறக்க வேண்டும். முளை அரிசி அளவு. துளை அதை ஏற்க மறுக்கிறது. மூன்று நாள் உட்கார்ந்தேன். மனித விரலைப் பார்த்திராத ஒருவர் இதை வடிவமைத்திருக்கிறார். போதாததற்கு இடது கதவு வேறு தானே திறந்துகொள்கிறது.

மூன்றாம் நாள் பார்வதி வந்து, “சோறு ஆறுது. அந்தப் பயல அங்கன போட்டுட்டு எந்திரிங்க. ஒரு பொம்மகிட்டப் போயி மல்லுக்கு நிக்கியளே!” என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கும் முளை இறங்கவில்லை.

மொத்தத்தில் பத்துக்கு நான்கு. மன்றத்தின் மாத மடலில் அப்படியே போடவும். நீர் வாங்கியது என்பதற்காக ஒரு மதிப்பெண்ணும் கூட்ட முடியாது.

அன்புடன்,
நயினார்


குற்றாலம்
29-6-2025

அன்புள்ள நயினாருக்கு,

வண்டியும் கடிதமும் கிடைத்தன. நான்கு என்றதும் வருத்தம்தான். ஆனாலும் மடலுக்குப் படம் வேண்டுமே என்று வரவேற்பு மேஜையில் வைத்துத் திருப்ப ஆரம்பித்தேன்.

எழுதத் தயக்கமாக இருக்கிறது. முளை இறங்கிவிட்டது. இரண்டு குடும்பத்துக்கு அறை கொடுத்த நேரம் போக, மொத்தம் பன்னிரண்டு நிமிடம். என் விரலை உமக்குத் தெரியும். செல்போனில் ஓர் எண்ணை அழுத்தினால் மூன்று விழும். தற்செயலாக இருக்கும் என்று மறுபடி பிரித்துச் செய்தேன். மறுபடியும் இறங்கியது.

பன்னிரண்டாம் படியில் கையைச் சற்று முன்னே இழுக்காமல் விட்டீரோ? இல்லை, உம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் பெருத்திருக்குமோ? திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னொரு தரம் பாரும்.

வேறொன்று. உம் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகிறது. முதல் பக்கத்தில் எறும்பாக இருந்தது, கடைசிப் பக்கத்தில் எறும்பு முட்டை. மாடன் லென்ஸ் வைத்து வாசித்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, நயினார் அண்ணாச்சி தாள மிச்சம் பிடிக்காரோ?” என்று கேட்டான்.

அன்புடன்,
கைலாசம்


தென்காசி
5-7-2025

செயலாளர் அவர்களுக்கு,

பொம்மை கிடைத்தது. மறுமதிப்பீடு செய்யப்பட்டது. முன்பு நான்கு, இப்போது மூன்று.

கண்ணைக் கட்டிக்கொண்டு துப்பாக்கியைப் பிரித்து மாட்டி ஐ.ஜி.யிடம் கைதட்டு வாங்கியவன் நான். பன்னிரண்டாம் படியில் கையை முன்னே இழுக்க எனக்கு லாட்ஜிலிருந்து பாடம் வேண்டியதில்லை. என் எழுத்து சிறிதாக இருந்தால் மாடன் வாசிக்க வேண்டாம். மன்றம் வேறு மதிப்பீட்டாளரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
எம். நயினார்
ஆர்மரர் (ஓய்வு)


குற்றாலம்
13-7-2025

அன்புள்ள நயினாருக்கு,

என்னைச் ‘செயலாளர் அவர்கள்’ ஆக்கியவருக்குப் பதிலே போடக்கூடாது என்று நான்கு நாள் வைராக்கியமாக இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

மே மாதம் இசக்கிமணி வீட்டுப் பால்காய்ப்பில் நீர் இடது கையால் காப்பி குடித்தீர். வலது கை கடைசிவரை பேன்ட் பையில் இருந்தது. போட்டோ எடுக்கும்போதும் வெளியே வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஸ்டைல் கூடிவிட்டது என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

என் கூடப்பிறந்த அண்ணாச்சியை உமக்குத் தெரியும். சட்டைக்கு பட்டன் போட வரவில்லை என்றதும் டெய்லரைத் திட்டினார். “காஜாவச் சின்னதாப் போட்டுட்டான் பய” என்பார். ஒரு வருஷத்தில் மூன்று டெய்லரை மாற்றினார். இரண்டாவது டெய்லரிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் போனபோது, “இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமே” என்றார். அவர் அண்ணாச்சியைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அதனால் உம்மிடம் மரியாதை பார்க்கப்போவதில்லை. குறை முளையில் இல்லை, நயினார். உம் கையில் இருக்கிறது.

மதிப்பீட்டை மடலில் போடமாட்டேன். உம் பெயரில் இதுவரை ஒரு தவறான வரி அதில் வந்ததில்லை. வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, தென்காசி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டி நிற்கும் இடத்தில் நிற்பேன். திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் உம் பெயரைக் கொடுத்திருக்கிறேன். சாரல் நேரத்தில், அதுவும் சனிக்கிழமை, லாட்ஜை விட்டு வருகிறேன் என்றால் அதன் அருமை உமக்குத் தெரியும். கோபம் தீராவிட்டால் பஸ்ஸில் தனித்தனி சீட்டில் உட்காருவோம்.

கைலாசம்


தென்காசி
30-7-2025

அன்புள்ள கைலாசம்,

சனிக்கிழமை நீர் பஸ் ஸ்டாண்டில் நின்றதைப் பார்த்தேன். பூக்கடைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நான்கு திருநெல்வேலி பஸ்ஸை விட்டீர். ஒவ்வொரு பஸ் கிளம்பும்போதும், நான் எப்படியோ முன்னாலேயே ஏறிவிட்டேனோ என்று ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தீர். எனக்குக் கால் எழவில்லை. அது நோயினால் அல்ல. வீட்டுக்குத் திரும்பிப் பார்வதியிடம் சொன்னேன். திங்கட்கிழமை அவளோடு போய் வந்தேன்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார் டாக்டர். பெயரைப் பத்து முறை எழுதச் சொன்னார். பத்தாவது நயினாரை அவராலேயே வாசிக்க முடியவில்லை. வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். நான் முப்பது வருஷம் துப்பாக்கிகளுக்குப் ‘பழுது’ என்று சீட்டு எழுதிக் கட்டியவன். முதல் முறையாக என் பெயருக்கு ஒரு சீட்டு வாங்கினேன். நடுக்குவாதம். ஆரம்பம்தானாம். மாத்திரை இருக்கிறது, பல வருஷம் ஓட்டலாம் என்கிறார்.

திரும்பும் வழியில் ஆலங்குளத்தில் பஸ் நின்றபோது பார்வதி சொன்னாள்: “மூணு மாசமா ஒங்களுக்குக் காப்பிய அர டம்ளர்தான் ஊத்துதேன். சிந்தக்கூடாதுன்னு. நீங்க ஏன்னு கேப்பியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.” நான் கேட்கவில்லை, கைலாசம். காப்பித்தூள் விலை ஏறிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

இனி மன்ற வேலை. இதைத் திருத்தாமல் போடவும்:

‘தீயணைப்பு வண்டி. முந்தைய இரு மதிப்பீடுகளும் ரத்து. தோள் மூட்டு சரி. முளை சரி. துளை சரி. மதிப்பீட்டாளரின் வலது கை பழுது. பொம்மைக்குப் பத்துக்கு எட்டு. இடது கதவின் கீல் ஆட்டம் காண்பதற்காக ஒன்று, விளக்கத் தாள் தெளிவில்லாததற்காக ஒன்று குறைக்கப்பட்டது.’

கதவுக்கும் என் கைக்கும் சம்பந்தமில்லை. வண்டியை மேஜையில் நிறுத்தி, தொடாமல், பக்கத்தில் லேசாகத் தட்டிப் பாரும். கதவு தானே திறக்கும். பன்னிரண்டு நிமிடம் கையில் வைத்திருந்த நீர் இதைக் கவனிக்கவில்லை. உம் விரலை மெச்சுகிறேன், கண்ணை மெச்சுவதற்கில்லை.

கூட்டத்தில் வாசிக்கும்போது மாடன் எழுந்து இரண்டு நிமிட மௌனம் என்பான். அவனை உட்காரச் சொல்லும்.

அடுத்த பொம்மையை இசக்கிமணி வசம் கொடுத்துவிடாதீர். நீரே கொண்டு வாரும். நீர் திருப்பும், நான் பார்த்துச் சொல்கிறேன், திட்டவும் செய்வேன். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு அதே கையோடு வராதீர், பெயின்ட் வீணாகும். மத்தியானம் பார்வதி தூங்குவாள், நான்தான் வந்து கதவைத் திறப்பேன். கொஞ்சம் நேரமாகும். யாரும் இல்லை என்று போய்விடாதீர்.

உம்
நயினார்