பனைக்கு முதுகு காட்டி

பம்பைக்குப் புதுத் தோல் போட்டு வெயிலில் காயவைத்திருக்கிறேன். பச்சைத் தோல் வாடை வாசலெல்லாம் அடிக்கிறது. நீ இருந்திருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், திருவிழா வந்துருச்சுடா" என்று கத்தியிருப்பாய். போன ஐப்பசிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நாளை மாரியம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம். அதற்கு முன் உன்னிடம் பேசிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாம் இளவட்டமாக இருந்தபோது ஏரிக்கரைப் பனையேறும் போட்டி எப்படி நடந்தது, நினைவிருக்கிறதா? ஒரே மரம். ஒருவன் பின் ஒருவனாக ஏறி, உச்சி மட்டையில் கட்டிய சிவப்புத் துணியை அவிழ்த்துக்கொண்டு இறங்க வேண்டும். அதுவரை ஊர்ப் பெரியதனக்காரர் கண்ணை மூடி மனசுக்குள் எண்ணுவார். யாருக்குக் குறைந்த எண்ணிக்கையோ அவன் தலையில் பரிசாக உருமால் கட்டுவார்கள். தொடர்ந்து மூன்று வருஷம் அது அவருடைய மருமகன் தலைக்கே போனது.

நீதான் கூட்டத்தில் எழுந்தாய். "நீங்க எண்ணுறது எங்க காதுக்குக் கேக்கணுமுங்க."

"என் வாக்குல சந்தேகமா?"

"வாக்கே காதுல விழலீங்களே, சந்தேகம் எங்கிருந்து வரும்?"

ஊர் சிரித்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். நான் பம்பை அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் ஊரே வாய்விட்டு எண்ண வேண்டும்.

மருமகன் ஏறினான். நிதானமாக அடித்தேன். எழுபத்தெட்டு. அடுத்து நீ. அணில் மாதிரி ஏறினாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ ஏற ஏற என் அடியின் வேகமும் ஏறியது. கை என் பேச்சைக் கேட்கவே இல்லை. அவனைவிடச் சீக்கிரம்தான் இறங்கினாய். ஆனால் ஊர் எண்பத்தொன்று என்றது. உன்னைத் தோற்கடித்தவன் நான், பாவி.

உன்னைத் திரும்ப ஏறவிடச் சொல்லிக் கேட்கிறேன் என்று அழுதேன். நீ விடவில்லை. "மேல இருக்கையிலேயே கேட்டுச்சுடா, நீ என்னைவிட வேகமா ஓடுன. போவட்டும். தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சில்ல? அதைச் சரி பண்ணுவோம்."

மறுவருஷம் என்னைப் பனைக்கு முதுகு காட்டி உட்காரவைத்துக் கண்ணைத் துண்டால் கட்டினாய். ஏறுகிறவன் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று கட்டளை வேறு. யாருக்கு அடிக்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. உருமால் உன் தலைக்கு வந்தது. தோற்ற மருமகனால்கூட ஒரு வார்த்தை குறை சொல்ல முடியவில்லை.

இப்போது அந்த மருமகன்தான் பெரியதனக்காரர். பழையபடி மனசுக்குள்ளேயே எண்ணப் போகிறாராம். காரணம் என்ன தெரியுமா? "பம்பைக்காரன் கை தவறி ஒருத்தன் தோத்தானே, மறந்துட்டீங்களா?" என்கிறார். அந்தத் தவறில் ஜெயித்தவரே இவர்தான்! உன் தோல்வியை எடுத்து நீ கொண்டுவந்த வழக்கத்தையே அடிக்கப் பார்க்கிறார். ரேஷன் கடையில் தராசு முள்ளைப் பார்த்துத்தானே தானியம் வாங்குகிறோம், இதற்கு மட்டும் ஏன் கண்ணை மூட வேண்டும் என்று நேற்று நேரிலேயே கேட்டேன்.

"பம்பை அடிக்கிறவனா ஊருக்கு நியாயம் சொல்றது?" என்றார்.

அவர் நிலத்தில்தான் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குக் கேழ்வரகு போட்டிருக்கிறேன். பேசினால் நிலம் போகும் என்று வூட்டில் பயப்படுகிறார்கள். எனக்கும் பயம்தான். போனால் போகட்டும். சித்தேரி மலையில் கல்லைப் பொறுக்கி நிலம் திருத்தியாவது பிழைத்துக்கொள்வேன்.

நாளை எழுந்து நின்று இப்படித்தான் கேட்கப் போகிறேன்: "ஆமாங்க, என் கை தவறுச்சு. ஊரே எண்ணுனதால அது ஊருக்கே தெரிஞ்சுது. உங்க மாமனார் மனசுக்குள்ள எண்ணுன மூணு வருஷத்துல எத்தனை தப்பு நடந்துச்சுங்க? யாராச்சும் சொல்லுங்க பாக்கலாம்."

எழுந்து கேட்கிற இந்தப் பழக்கம் நீ விட்டுப்போனது. பதில் வரும்வரை நான் உட்காரப் போவதில்லை.