மோரிக்கு முன்னால் ஒரு கேமரா

ஜூன் 3, திங்கள்

வீட்டிலிருந்தே வேலை என்றதும் தாராவியில் எங்கள் சந்தே பொறாமைப்பட்டது. ரயில் கூட்டம் இல்லை, மழை வெயில் இல்லை, கொடுத்து வைத்தவள் என்றார்கள். கொடுத்து வைத்தவள்தான்! இன்று முதல் லேப்டாப் கேமரா எட்டு மணி நேரமும் திறந்தே இருக்க வேண்டுமாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பும். நான் ஓபி அடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

ஜூன் 5, புதன்

எனக்கும் அம்மாவுக்கும் இருப்பது ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு. எதிர் மூலையில் முழங்கால் உயரச் சுவர் வைத்த மோரி. குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அங்கேதான். மறைப்புக்கு ஒரு திரை. பிளக் இருக்கும் பக்கம் உட்கார்ந்தால் என் முதுகுக்குப் பின்னால் மோரி தெரிகிறது. திரும்பி உட்கார்ந்தால் சந்தில் போகிறவர்கள் எல்லாரும் தெரிகிறார்கள்.

அம்மா மாட்டுங்காவில் மூன்று வீட்டுச் சமையல் முடித்துப் பதினோரு மணிக்கு வருவாள். வந்ததும் குளித்தாக வேண்டும். இன்று கதவைத் திறந்தவளைப் பார்த்து, "வராதம்மா, கேமரா!" என்று கத்தி, கதவைச் சாத்தினேன். என் சாப்பாட்டு இடைவேளை வரை, பக்கத்து வீட்டு ரஷீதா அக்காவின் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணிக்குத்தான் குளியல்.

கம்பெனிக்கு நான் வேலை பார்க்கிறேனா, என் வீட்டுக்கே வாட்ச்மேன் வேலை பார்க்கிறேனா?

ஜூன் 6

இன்றும் படியில்தான்.

ஜூன் 12, புதன்

எழுதாவிட்டால் தூக்கம் வராது.

ஆபீசிலிருந்து எச்சரிக்கை மெயில். 'பிரேமில் வேறு நபர்.' கூடவே நேற்றைய போட்டோ. நான் ஹெட்செட்டில் கஸ்டமரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். பின்னால் அம்மா, மார்பு வரை கட்டிய ஈரப் பாவாடையோடு கொடியிலிருந்து துண்டை எடுக்கிறாள். புழுக்கம் தாங்காமல் சத்தமில்லாமல் உள்ளே வந்து குளித்திருக்கிறாள். அவளைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். மெயில் ஐந்து பேருக்குப் போயிருக்கிறது. ஐந்து பேர்!

டீம் லீடர் வேங்கடசுப்ரமணியனுக்குப் போன் போட்டேன். மாட்டுங்காக்காரர், தமிழ்தான். படத்தை அழியுங்கள் என்றேன்.

"ரூல்ஸ்மா மாரிசெல்வி. தொண்ணூறு நாள் சிஸ்டம்ல இருந்தாகணும். நீ ஒரு ரூம்ல கதவ சாத்திண்டு உக்காரப்படாதோ?"

எந்த ரூம்ல? எந்தக் கதவ? இருக்கற ஒரே கதவச் சாத்தித்தானய்யா எங்கம்மாவ வெளிய நிறுத்துனேன்!

ஜூன் 13

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். சோறு வடித்துக்கொண்டே, "ஏட்டி, அவனுவ வீட்டுப் பொம்பளைய குளிக்கவே மாட்டாவளா?" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "எம்மூஞ்சி தெரியுதா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். பொய்.

ஜூன் 20, வியாழன்

படத்தை அழித்ததாக எழுதித் தரும்வரை கேமராவில் பிளாஸ்திரிதான் என்று ஐந்து பேருக்கும் மெயில் போட்டிருந்தேன். இன்று பதில். படத்தை அழித்துவிட்டார்களாம். ஒற்றை அறை வீடு என்றால் கேமராவுக்கு விலக்கும் உண்டாம். அதற்கு வீடு முழுவதையும் போட்டோ எடுத்து விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டுமாம். குளிக்கும் இடம் உட்பட.

சிரிச்சேன். அப்புறம் ஹெட்செட்டத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன். அதுக்கும் சம்பளத்துல பிடிப்பானுங்க. பிடிக்கட்டும்.

ஜூலை 1, திங்கள்

சான்பாடாவில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் குறைவு, ஹார்பர் லைன் ரயில் நெரிசல் வேறு. போகட்டும்.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கவுண்டரில் ஒரு படிவம் நீட்டினார்கள். விலகக் காரணம்: திருமணம், உடல்நலம், மேற்படிப்பு, மற்றவை. மற்றவையில் டிக் அடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த துளி இடத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: என் அம்மா பகலில் குளிக்க வேண்டும்.

கவுண்டர்க்காரன் இரண்டு முறை படித்தான். இதெல்லாம் ஒரு காரணமா என்று இந்தியில் கேட்டான்.

இது ஒன்றுதான் என்றேன். சீல் வைக்கச் சொல்லி, எனக்கும் ஒரு நகல் வாங்கிக்கொண்டு வந்தேன்.