மணி அடித்தால் எடுக்காதே

ஜூன் 4

என் செல்லத் தம்பி உருண்டைக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நான் கூண்டு கழுவும் மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் ஓர் எலிக்கு உன் செல்லப்பெயரை வைத்துவிட்டேன். தொந்தி மட்டும் காரணமில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் அதன் காலில் சுருக்கென்று லேசாக மின்சாரம் வைத்தார்கள். இப்போது வெறும் மணிக்கே சிலையாகி நிற்கிறது. என் போன் அடித்தால் நீயும் அப்படித்தானே? கடிதம் எழுதி எழுதி என் விரல் தேய்ந்துவிட்டது.

ஏன் இப்படி என்று ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மூளை அணுவுல குட்டிக் குட்டி வாசல் இருக்கு அக்கா, ஏற்பின்னு பேரு. சில வாசல் ரெண்டு பேர் ஒண்ணா வந்து தட்டினாத்தான் திறக்கும். திறந்துச்சுன்னா ரெண்டும் சேர்ந்தே உள்ள தங்கிடும்" என்றார்.

அப்பா போய்விட்டதை உனக்குப் போனில் சொன்னவள் நான்தானே. மணியும் சாவும் கைகோத்து நுழைந்துவிட்டன.

"அழிக்க மருந்து இல்லையாம்மா?"

"அழிக்கிறது கஷ்டம். மணி அடிச்சும் ஒண்ணும் ஆகலைன்னு புதுசாப் படிக்கணும். அதுக்கும் அதே வாசல்தான்."

ஆகவே தினமும் சாயங்காலம் மூன்று முறை மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவேன். எடுக்காதே. சும்மா கேள். உன் குரலைக் கேட்காமல் நான் கிழவியாகிவிடுவேன் போலிருக்கிறது.

உன் வாயாடி அக்கா

ஜூன் 19

அன்பு அக்கா,

என் பெயருக்கு வேறு பிராணியே கிடைக்கவில்லையா? முதல் நாள் மணி அடித்தபோது ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். அப்புறம் மணி மெல்ல மெல்லத் தூரம் போனது. இப்போது தண்ணீருக்கடியில் யாரோ வளையல் கழுவுவதுபோல் கேட்கிறது. நேற்றுக் கனவில் அப்பா எழுந்துபோய்ப் போனை எடுத்தார். "உங்கக்காதான்டா, சும்மா அடிக்கிறா. நீ தூங்கு" என்றார். விழித்த பிறகும் அந்தக் குரல், வெட்டிப்போட்ட துணிமேல் வெயில்போலக் கிடந்தது.

எலி எப்படி இருக்கிறது?

உருண்டை

ஜூன் 28

தம்பி,

எலி சௌக்கியம். அதற்கும் இப்போது மின்சாரமில்லாத வெறும் மணிதான்; சிவப்பு விளக்கொளியில் மணி அடிக்க அடிக்க மீசை துடைக்கிறது. பிறகு காகிதத் துண்டுகளுக்குள் புதைந்து, கனவில் எங்கோ ஓடுகிறது.

நேற்று இரண்டாவது மணியிலேயே நீ எடுத்து, "அக்கா, சாப்பிட்டியா?" என்றாய். உடனே சத்தம் நின்றதும் பயந்திருப்பாய். ஒன்றும் ஆகவில்லை; குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். நீ எடுப்பாய் என்று மட்டும் நான் படித்திருக்கவில்லை. போன் கை நழுவிக் கூண்டு கழுவும் வாளிக்குள் விழுந்தது. உள்ளேயிருந்து ஒருமுறை "அக்கா" என்றாய். பிறகு குமிழிகள் வந்தன.

சாப்பிட்டேன்.

வாளியில் இருந்தது சோப்புத் தண்ணீர். போன் மிகவும் சுத்தமாக இருக்கிறது.

அக்கா